அமெரிக்க ராணுவத்தின் உபரி வண்டிகளை ஏலத்தில் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் எங்கள் நிலத்தில் ஹம்வீ என்னும் பழைய அமெரிக்க ராணுவ வண்டி ஒன்று நிற்பதைப் பார்த்தவர்கள் சொல்லி, அவர்களிடம் கேட்டவர்கள் சொல்லி, இப்போது முன்பின் தெரியாதவர்களும் தொலைபேசியில் அழைத்துச் சந்தேகம் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். விதிகள் அவ்வப்போது மாறுபவை. நீங்கள் ஏலம் கேட்கும் நாளில் அந்த வண்டியின் பட்டியலில் எழுதியுள்ள நிபந்தனைதான் செல்லும்.

ஜீப், ஹம்வீ எல்லாம் அரசாங்கமே நமக்கு விற்குமா? சட்டப்படி சரிதானா?

சரிதான். நம் ஊரில் ‘மிலிட்டரி டிஸ்போசல்’ என்று சொல்கிறோமே, அதே ஏற்பாடுதான் இது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குத் தேவையற்றுப் போன பொருள்கள், மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட டிஎல்ஏ (பாதுகாப்புத் தளவாட முகமை) அகற்றல் சேவைப் பிரிவின் பொறுப்புக்கு வருகின்றன. வந்தவுடன் அவை ஏலத்துக்குப் போய்விடுவதில்லை. முதலில் ராணுவத்தின் வேறு பிரிவுகளும், பிறகு மற்றக் கூட்டாட்சித் துறைகளும், மாநில அரசுகளும், தகுதியுள்ள அமைப்புகளும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கின்றன. காவல் துறைகளுக்குத் தனித் திட்டம் ஒன்று உண்டு. யாரும் கேட்காமல் மிஞ்சியதுதான் பொதுமக்களுக்கு வருகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் பல எச்சரிக்கைகளின் காரணம் விளங்கும்.

இந்த வழக்கம் புதிதன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது உலகெங்கும் குவிந்து கிடந்த அமெரிக்கத் தளவாடங்களை, 1944ஆம் ஆண்டின் உபரிச் சொத்துச் சட்டத்தின்கீழ் அந்தந்த நாடுகளிலேயே விற்றார்கள். பிலிப்பைன்ஸில் மிஞ்சிய ஜீப்புகள்தான் நீட்டப்பட்டு, வண்ணம் தீட்டப்பட்டு, ஜீப்னி என்ற பொதுப் போக்குவரத்து வண்டியாயின. வெளிநாடுகளில் அப்படி விற்று வந்த பணத்தைக் கொண்டே 1946இல் ஃபுல்பிரைட் கல்வி உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. அந்த உதவித்தொகையில் அமெரிக்கா வந்து படித்த தமிழர்களும் உண்டு. அதன் வேர் பழைய ராணுவச் சரக்கின் விற்பனையில் இருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது.

என்னென்ன வண்டி கிடைக்கும்? டாங்கி வாங்க முடியுமா?

முடியாது. டாங்கி, கவச வண்டி, கண்ணிவெடிக்குத் தாங்கும் எம்ராப் வகை எதுவும் இந்த ஏலங்களில் பொதுமக்களுக்கு விற்கப்படுவதில்லை. ராணுவப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ‘டிமில்’ (ராணுவப் பயன்பாட்டை நீக்குதல்) குறியீடு என்ற ஓர் எழுத்து உண்டு. ‘ஏ’ என்றால் அப்படியே விற்கலாம். ‘டி’ என்றால் முழுவதையும் நொறுக்கியாக வேண்டும். இவற்றுக்கு இடைப்பட்ட எழுத்துகளுக்குப் பகுதிக் கட்டுப்பாடுகள் உள்ளன.

ஹம்வீயும் நெடுங்காலம் விற்பனைக்கு வராமல்தான் இருந்தது. கழித்த வண்டிகளைத் துண்டாக்கிப் பழைய இரும்பாகவே விற்றார்கள். 2014 டிசம்பரில்தான் யூட்டா மாநிலத்தின் ஹில் விமானப் படைத் தளத்தில் இருந்த 25 வண்டிகள் முதன்முறையாக இணைய ஏலத்துக்கு வந்தன. அவை எம்998, எம்1038 போன்ற கவசமில்லாத வகைகள். இன்றும் கவசமில்லாதவையே வருகின்றன. இவை தவிர எம்35 இரண்டரை டன் லாரி, எம்939 வரிசை ஐந்து டன் லாரி, அவற்றுக்குப் பின் வந்த எல்எம்டிவி லாரி, டிரெய்லர், ஜெனரேட்டர், ஃபோர்க்லிஃப்ட் ஆகியவையும் கிடைக்கும். விவசாய நிலம் வைத்திருப்பவர்களுக்கு டிரெய்லரும் ஜெனரேட்டரும்தான் பயனுள்ளவை என்பது என் கருத்து. ஆனால் என்னை அழைப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஹம்வீயைப் பற்றியே கேட்கிறார்கள்.

ஏலம் எப்படி நடக்கும்? நேரில் போய்க் கை தூக்கணுமா?

வேண்டாம். அரசு தன் சார்பில் விற்பதற்கு ஓர் ஒப்பந்த நிறுவனத்தை நியமிக்கிறது. வண்டிகளைப் பொறுத்தவரை 2014இலிருந்து கவ்பிளானெட் என்ற இணையதளத்தில் விற்பனை நடக்கிறது. பதினெட்டு வயது நிறைந்தவர்கள் கணக்குத் தொடங்கி, அடையாளத்தை உறுதிசெய்து, கட்டணம் செலுத்தும் வழியைப் பதிந்துவிட்டால் ஏலம் கேட்கலாம். அதிகபட்சமாக எவ்வளவு தருவீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், போட்டி வரும்போது அந்த வரம்பு வரை தளமே உங்களுக்காகப் படிப்படியாகக் கேட்கும். கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் முடியும் நேரம் சற்று நீளும் என்பதால், கடைசி நொடியில் பாய்ந்து பிடிக்கும் உத்தி பலிக்காது.

கேட்ட விலையைத் திரும்பப் பெற முடியாது. அது விளையாட்டுப் பொத்தான் அன்று, ஒப்பந்தம். வென்றபின் பணம் கட்டாவிட்டால் அபராதம் விதிக்கப்படும், கணக்கும் முடக்கப்படும்.

‘உள்ளது உள்ளபடி’ன்னு போட்டிருக்கே, போட்டோ நல்லாத்தானே இருக்கு? நேரில் பார்க்கணுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வண்டி நிற்கும் இடத்தில், நிற்கும் நிலையில், எந்த உத்தரவாதமும் இல்லாமல் விற்கப்படுகிறது. எஞ்சின் ஓடும் என்று நினைத்து வாங்கி அது ஓடாவிட்டால் யாரும் பொறுப்பில்லை. பார்வையிடும் நாள் அறிவிக்கப்பட்டிருந்தால், நேரம் பதிவு செய்துகொண்டு நேரில் போய்விடுங்கள்.

நான் முதலில் வாங்க நினைத்த எம்998 புகைப்படத்தில் புதிதுபோல இருந்தது. முற்றத்தில் போய்ப் பார்த்தபோது, எண்ணெய் அளவுக் கம்பியை உருவினால் பால் அதிகம் விட்ட காபியின் நிறத்தில் எண்ணெய் வந்தது. குளிர்விக்கும் நீர் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது என்பது அதன் பொருள். முன்பக்கப் பயணியின் இருக்கையைத் தூக்கினால் அடியில் பேட்டரிப் பெட்டி இருக்கும். அங்கே இரண்டு பேட்டரிகளும் இல்லை. அமிலம் வடிந்து தகட்டை அரித்திருந்தது. டயரின் உட்புறத்தில் சக்கர மையத்திலிருந்து கீழ்நோக்கிக் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. ஹம்வீயில் ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலும் தனிக் கியர் பெட்டி ஒன்று இருக்கிறது. அந்தக் கோடு அதன் எண்ணெய்க் கசிவு. இந்த மூன்றில் எதுவும் புகைப்படத்தில் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

வேறு சில குறிப்புகள்: ஹம்வீயின் உடல் அலுமினியம், சட்டகம் எஃகு. தறையாணிகளைச் (ரிவெட்) சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உள்ளே அரிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. கிலோமீட்டர் மானியை நம்பாதீர்கள். பட்டறையில் அதை மாற்றியிருக்கலாம். அதற்குப் பதிலாகப் புதுப்பித்த பட்டறையின் தகடு இருக்கிறதா என்று தேடுங்கள். 1980களில் செய்த வண்டி, டெக்சாஸின் ரெட் ரிவர் ராணுவப் பட்டறை போன்ற இடத்தில் பல ஆண்டுகள் கழித்து முழுவதுமாகப் பிரித்துக் கட்டப்பட்டிருக்கலாம்; அத்தகைய வண்டி, பத்து ஆண்டுகள் பிந்திச் செய்யப்பட்டுக் கவனிப்பின்றிக் கிடந்த வண்டியைவிட நல்லது. இந்த வண்டிகளுக்குச் சாவி கிடையாது, முறுக்கும் சுவிட்ச்தான். ஆகவே சாவி காணவில்லை என்று கவலைப்பட வேண்டியதில்லை.

வண்டி நிற்கிற இடம் இரண்டாயிரம் மைல். போட்டோவை மட்டும் பார்த்து வாங்கினால்?

சிலர் அப்படி வாங்கி நன்றாகவும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்வது இரண்டு காரியங்கள். முதலாவது, எஞ்சின் ஓடும் காணொளி உள்ள வண்டிகளையே தேர்ந்தெடுப்பது. அந்தக் காணொளியில் எஞ்சின் குளிர்ந்த நிலையில் கிளம்புகிறதா, வேறு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கிளப்புகிறார்களா என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது, ஒரு பழுதைக் கணக்கில் சேர்த்தே விலையை முடிவு செய்வது. புகைப்படத்தில் ஒரு பாகம் தெரியவில்லை என்றால் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கழித்த வண்டியிலிருந்து பாகங்களை எடுத்து ஓடும் வண்டிக்குப் போடுவது எல்லா ராணுவத்திலும் உள்ள பழக்கம்.

எவ்வளவு வரைக்கும் கேட்கலாம்?

ஏல விலையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்களே ஏமாற்றம் அடைகிறார்கள். அதன்மேல் வாங்குபவர் கட்டணம், மாநில விற்பனை வரி, இழுவைக் கூலி, பேட்டரி, டயர், எண்ணெய் வகைகள், தலைப்புப் பத்திரச் (வண்டியின் உரிமைப் பத்திரம்) செலவு ஆகியவை வரும். கணக்குக்காக ஓர் உதாரணம் சொல்கிறேன்: 9,000 டாலருக்கு வண்டி முடிந்ததென்று வைத்துக்கொள்வோம். கட்டணமும் வரியும் 1,500, ஆயிரம் மைல் இழுவைக்கு 2,500, இரண்டு பேட்டரிக்கு 700, நான்கு டயருக்கு 1,600, சில்லறைப் பழுதுக்கு 1,000 என்று போட்டால் 16,300 டாலர் ஆகிவிடுகிறது. இவை என் உதாரண எண்கள். உங்கள் ஊர் விலைகளைப் போட்டு நீங்களே ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். உங்களால் முடிந்த மொத்தத் தொகையிலிருந்து இவற்றைக் கழித்து மிஞ்சுவதுதான் நீங்கள் கேட்க வேண்டிய உச்ச விலை.

பேட்டரி எதற்கு இரண்டு என்று கேட்பார்கள். இவை 24 வோல்ட் வண்டிகள். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். சாதாரண விளக்கையோ பாட்டுப் பெட்டியையோ நேரடியாக மாட்டினால் எரிந்துவிடும்.

ஜெயிச்சாச்சு, பணமும் கட்டியாச்சு. ஆனா வண்டியைத் தரமாட்டேங்கிறாங்களே?

இறுதிப் பயன்பாட்டுச் சான்று என்ற படிவம்தான் காரணமாக இருக்கும். டிமில் குறியீட்டின்படி கட்டுப்பாடு உள்ள பொருளை வாங்குபவர், தாம் யார், எதற்காக வாங்குகிறார், எங்கே வைத்திருப்பார், யாருக்காவது விற்கும் எண்ணம் உண்டா என்பனவற்றை எழுதிக் கையொப்பமிட வேண்டும். அரசு அதைச் சரிபார்த்து ஒப்புதல் தந்த பிறகே வண்டி வெளியே வரும். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். என் நண்பர் ஒருவர் ‘பயன்பாடு’ என்ற இடத்தில் ‘சொந்த உபயோகம்’ என்று இரண்டே வார்த்தை எழுதியதால் படிவம் திரும்பி வந்தது. நிலத்தில் தண்ணீர்த் தொட்டி இழுக்கவும் வேலி போடும் கம்பங்களைச் சுமக்கவும் என்று விளக்கி எழுதிய பின் ஒப்புதல் கிடைத்தது. ஒப்புதல் வந்த நாளிலிருந்து வண்டியை எடுத்துச் செல்லக் கெடு ஓடத் தொடங்கும். தவறினால் இருப்புக் கட்டணம் ஏறும். எனவே காத்திருக்கும் வாரங்களிலேயே இழுவைக்காரரைப் பேசி வைத்துவிடுங்கள்.

ரோட்டில் ஓட்டலாமா? அதுதானே முக்கியம்!

அரசு தருவது தலைப்புப் பத்திரம் அன்று. அதைப் பெறுவதற்கு உதவும் எஸ்எஃப்-97 என்ற சான்றிதழ். அதை உங்கள் மாநில வாகனத் துறையிடம் கொடுத்தே உங்கள் பெயரில் பத்திரம் வாங்க வேண்டும். ஹம்வீக்கு வரும் சான்றிதழில் ‘சாலைக்கு வெளியே மட்டும்’ என்ற நிபந்தனை இருக்கிறது. ராணுவத்துக்கென்றே செய்யப்படும் வண்டிகளுக்கு அமெரிக்க வாகனப் பாதுகாப்புத் தரங்களிலிருந்து விலக்கு உண்டு என்பதால், காற்றுப் பை முதலிய எதுவும் அவற்றில் இல்லை. தரத்துக்குச் செய்யப்படாத வண்டியைப் பொதுச் சாலைக்கு விடுவதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கிறது.

டெக்சாஸில் முன்னாள் ராணுவ வண்டிகளுக்கென்று தனிப் பதிவு வகையே உண்டு. ஆனால் அது கண்காட்சி, ஊர்வலம், சங்க நிகழ்ச்சி போன்றவற்றுக்கானது, தினமும் அலுவலகம் போய்வர அன்று. வேறு மாநிலங்களில் இதைவிடக் கடுமையும் உண்டு, தளர்வும் உண்டு. வேறு மாநிலத்தில் நிறுவனம் ஒன்றைப் பதிந்து அதன் பெயரில் பத்திரம் வாங்கித் தருகிறோம் என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அந்த வழியில் போகாதீர்கள். விபத்து நேர்ந்த நாளில் காப்பீட்டு நிறுவனம் முதலில் புரட்டுவது அந்தப் பத்திரத்தைத்தான்.

ஏலம் கேட்பதற்கு முன்பே உங்கள் மாவட்ட வாகன அலுவலகத்துக்கு நேரில் போய், எஸ்எஃப்-97 சான்றின் மாதிரியைக் காட்டி, இந்த வாசகத்தோடு வரும் வண்டிக்கு என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். வாங்குவது இரும்பும் காகிதமும் சேர்ந்த ஒரு பொருள். இரும்பில் உள்ள பழுதைப் பட்டறையில் சரிசெய்துவிடலாம். காகிதத்தில் எழுதியிருப்பதை மாற்ற உங்களாலும் என்னாலும் முடியாது.

அப்போ லாரி வாங்கினா பரவாயில்லையா?

காகித வகையில் பல இடங்களில் லாரி எளிது. ஆனால் பிரேக்கைப் பற்றித் தெரிந்துகொண்டு வாங்குங்கள். எம்35ஏ2 லாரியில் எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் திரவச் சுற்றுதான். ஒரு சக்கரத்தில் குழாய் வெடித்தால் அத்தனை சக்கரத்திலும் பிரேக் போய்விடும். எம்939 வரிசையில் வழுக்கும் சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டு விபத்துகள் நேர்ந்ததால், 1990களின் பிற்பகுதியில் ராணுவமே வேகத்தை மணிக்கு 40 மைலாகக் குறைத்து, பின்னர் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பைப் பொருத்தத் தொடங்கியது. நீங்கள் பார்க்கும் வண்டியில் அது பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். மொத்த எடை 26,001 பவுண்டைத் தொட்டால் வணிக ஓட்டுநர் உரிமக் கேள்வி எழும். சொந்த உபயோகத்துக்கு விலக்கு உண்டா என்பதை மாநிலம்தான் சொல்லும்.

பழைய பெயின்டைச் சுரண்டிட்டு வேற கலர் அடிக்கலாமா?

அடிக்கலாம், ஆனால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். இது ரசாயனத் தாக்குதலையும் தாங்கும் விசேஷப் பூச்சு. அடிப்பூச்சில் குரோமியம் இருக்கக்கூடும், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஈரமாகத் தேய்த்து, தகுந்த முகமூடி அணிந்து, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிச் செய்யுங்கள். இது தெரியாமல் முதல் வாரம் நான் சாதாரணத் துணியைக் கட்டிக்கொண்டு தேய்த்தேன்; நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

நான் எச்-1பி விசாவில் இருக்கேன். ஏலம் கேட்கலாமா, அண்ணா?

கட்டுப்பாடு இல்லாத சாதாரண டிரெய்லர், ஃபோர்க்லிஃப்ட் போன்றவற்றில் பொதுவாகச் சிக்கல் எழுவதில்லை. இறுதிப் பயன்பாட்டுச் சான்று கேட்கும் வண்டிகளில்தான் கவனம் வேண்டும். அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்தின் பார்வையில் குடிமக்களும், கிரீன் கார்டு பெற்றவர்களும், அடைக்கலம் பெற்றவர்களும் ‘அமெரிக்க நபர்’ ஆவார்கள்; எச்-1பி விசாவில் இருப்பவர் ஆகமாட்டார். ஆகவே ஏலத்துக்கு முன்பே விற்பனை நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, உங்கள் நிலையைச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு உள்ள நண்பர் பெயரில் வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தச் சான்றில் கையொப்பமிடுபவர் அரசிடம் பொய் சொன்னவராகிறார், உங்கள் விசாவும் ஆபத்துக்குள்ளாகிறது.

குவைத்தில் இருக்கேன். இங்கே அமெரிக்க முகாமிலிருந்து விக்கிறதை வாங்கலாமா?

ஜெர்மனி, குவைத், ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளிலும் இந்த அகற்றல் பிரிவுக்கு இடங்கள் உள்ளன. அங்கேயும் உபரிப் பொருள்கள் விற்கப்படுகின்றன. ஆனால் உள்நாட்டு விற்பனைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. ராணுவத்தின் சரக்கு, இரு அரசுகளின் உடன்படிக்கைப்படி சுங்கவரி இல்லாமல் அந்த நாட்டுக்குள் வந்தது. அது தனியார் கைக்கு மாறும்போது புதிதாக இறக்குமதி ஆனதாகவே கருதப்பட்டு, அந்த நாட்டின் சுங்கவரியும் அனுமதியும் தேவைப்படும். பல இடங்களில் பதிவு பெற்ற உள்ளூர் நிறுவனங்களே இதில் ஈடுபடுகின்றன. தனி ஆளாக ஒரு வண்டிக்காக இறங்குவது பலன் தராது.

கட்டுப்பாடு உள்ள வண்டிகளை வெளிநாட்டில் விற்பதே அரிது. 2013 வாக்கில் ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பும் வேளையில் ராணுவம் வண்டிகளையும் கருவிகளையும் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்பாக விற்றது. கப்பலேற்றிக் கொண்டுவரும் செலவும், அவை யார் கைக்குப் போகும் என்ற அச்சமும் அதற்குக் காரணங்கள்.

வாங்கி நம்ம ஊருக்குக் கப்பல்ல அனுப்பிடலாமா? தோட்டத்தில் நிற்கட்டும்.

இரண்டு பக்கமும் கதவு அடைத்திருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வெளியே அனுப்ப ஏற்றுமதி உரிமம் வேண்டும். இறுதிப் பயன்பாட்டுச் சான்றில் உள்நாட்டில் வைத்திருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு அனுப்பினால் அது குற்றம். இந்தியப் பக்கத்தில், பழைய வண்டியை இறக்குமதி செய்ய அது செய்யப்பட்டு மூன்று ஆண்டுக்கு மேற்படாததாகவும், ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். ஏலத்துக்கு வரும் ஹம்வீ இந்த இரண்டிலும் தேறாது.

தோட்டத்தில் ராணுவ வண்டி நிற்க வேண்டும் என்பதே ஆசையானால், இந்திய ராணுவம் கழிக்கும் வண்டிகளை எம்எஸ்டிசி என்ற பொதுத் துறை நிறுவனத்தின் இணைய ஏலங்களில் தேடுங்கள். அங்கும் பதிவுச் சான்று உண்டா, பழைய இரும்பாக மட்டுமே விற்கிறார்களா என்பதை முதலில் படியுங்கள்.

இரண்டு வருஷம் வச்சிருந்துட்டு வேற ஒருத்தருக்கு வித்துட்டா என் பொறுப்பு முடிஞ்சுதா?

சாதாரண டிரெய்லர் என்றால் முடிந்தது. சான்றில் கையொப்பமிட்டு வாங்கிய வண்டி என்றால் முடியாது. நீங்கள் எழுதிக் கொடுத்த பயன்பாட்டிலிருந்து மாறும்போதும், வேறொருவருக்குக் கைமாற்றும்போதும் என்ன செய்ய வேண்டும் என்று அந்தச் சான்றின் வாசகத்திலேயே இருக்கிறது. அதன் நகலைத் தலைப்புப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். விற்கும்போது வாங்குபவரின் அடையாள அட்டை நகல், அவர் எங்கே வைத்திருக்கப் போகிறார் என்ற எழுத்து, விற்பனை ரசீது மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வெளிநாட்டுக்கு அனுப்பப்போவதாகப் பேச்சில் தெரிந்தால், எவ்வளவு அதிக விலை தந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு, சான்றை ஒப்புதல் செய்த அலுவலகத்துக்கு முதலில் எழுதுங்கள்.